'பார்க்கிறேன்' என்று சொல்லாதீர்கள்

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். யார் என்ன கேட்டாலும் என்னால் மறுக்க முடிவதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மென்பொருள் சொல்லிக்கொடுப்பது, விற்பனைப் பிரிவின் எக்செல் தாளைச் சரிசெய்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வேலையை விட்டுப் போகிறவர்களுக்குப் பணம் வசூலித்துப் பரிசு வாங்குவது எல்லாம் என் தலையில்தான். போன மாதக் கடைசியில் மாலை 4.50 மணிக்கு விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர் வந்து, "அக்கா, அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றார். "பார்க்கிறேன்" என்றேன். முடித்து நிமிர்ந்தபோது மணி 7.20. அன்று என் மகளின் பள்ளியில் நாடகம், போக முடியவில்லை. நான் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் மறுநாள்தான் போனது. "இவருக்கு எது முக்கியம் என்று தெரியவில்லை" என்று மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் எழுதிவிட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் திமிர் பிடித்தவள் என்று பேர் வராதா? மேலாளரே கேட்டால் என்ன செய்வது? அடுத்த மாதம் மகளுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. அதையும் விட்டுவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மேலாளர் எழுதிய வரியில் நின்றுவிட்டேன். எட்டு வருடம் எல்லாருடைய வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தவருக்கு அந்த வரி எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் முறை படித்தபோது வேறொரு சொல் கண்ணில் பட்டது. அந்தத் தம்பி கேட்டபோது நீங்கள் 'சரி' என்று சொல்லவே இல்லை. 'பார்க்கிறேன்' என்றுதான் சொன்னீர்கள்.

பணியிடப் பிரச்சினைகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலரும் இந்தச் சொல்லில்தான் சிக்கியிருக்கிறார்கள். சொல்கிறவர் மனதில் அதற்கு 'அநேகமாக முடியாது, புரிந்துகொள்ளுங்கள்' என்று அர்த்தம். கேட்டவர் காதில் விழுவதோ 'செய்துவிடுகிறேன்'. 'முயற்சி பண்றேன்', 'டைம் கிடைச்சா செய்றேன்', 'வச்சுட்டுப் போங்க' எல்லாம் இதே ரகம்தான். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராமல், மறுப்பை எதிராளியே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவர் ஊகிப்பதில்லை. ஃபைலை வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்.

இதை நான் என் சொந்த அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தேன். உடன் பணிபுரிந்த ஒருவர் தன் பயிற்சி அறிக்கையைப் படித்துத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டார். கையில் வேலை நிறைய இருந்தது. "வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றேன். பதினொரு நாள் அந்தக் காகிதக் கட்டு என் மேஜையின் இடது ஓரத்தில் கிடந்தது. முதல் பக்கத்தில் ஒரு பேனா அடையாளம் வைத்தேன், அவ்வளவுதான். வராந்தாவில் அவர் எதிரே வந்தால் கையில் இருக்கும் காகிதத்தைப் படிப்பது போலக் குனிந்துகொண்டேன். பன்னிரண்டாம் நாள் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது கேட்டிருப்பேனே மேடம். நாளைக்குக் கடைசி நாள்" என்றார்.

அவரிடமிருந்து நான் பறித்தது அந்தப் பதினொரு நாளைத்தான். முதல் நாளே மறுத்திருந்தால் ஐந்து நிமிடம் சங்கடப்பட்டிருப்பார், ஆறாவது நிமிடம் வேறொருவரைத் தேடிப் போயிருப்பார். மறுப்பதால் உறவு கெடும் என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் உறவைக் கெடுப்பது இழுத்தடிப்புதான். கேட்கிறவருக்கு உங்கள் சம்மதத்தைவிட அதிகம் தேவைப்படுவது சீக்கிரமான, தெளிவான ஒரு பதில்.

"எனக்கு எவ்வளவு வேலை என்று அவர்களுக்கே தெரியாதா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மையிலேயே தெரியாது. 2008ல் பிரான்சிஸ் ஃபிளின், வனெஸா போன்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய், ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லி உதவி கேட்க வேண்டும். தேவையான ஆட்கள் கிடைக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். சுமார் 20 பேர் என்றார்கள். உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்தது. உதவி கேட்கிறவர்களுக்கு, முகத்துக்கு நேரே மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிவதில்லை என்பதே அந்த ஆய்வாளர்கள் சொன்ன காரணம்.

இதை அந்தத் தம்பிக்குப் பொருத்திப் பாருங்கள். 'அக்காவுக்கு முடியாதென்றால் சொல்லியிருப்பாரே' என்றுதான் அவர் நினைத்திருப்பார். உங்களை ஏய்க்க வேண்டும் என்று அவர் வரவில்லை. நீங்கள் உள்ளுக்குள் புழுங்கிய இரண்டரை மணி நேரம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. எட்டு வருடமாக உங்களிடம் கேட்டவர்கள் எல்லோரும் உங்கள் முகத்தில் பார்த்தது ஒரு புன்னகையைத்தான். அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு மறுக்கப் போனால் குரலில் கசப்பு ஏறும். தெரியாமல் கேட்கிறார்கள் என்று நினைத்தால் சாதாரணக் குரலிலேயே மறுக்க வரும்.

சரி, அந்த 4.50 மணிக்கே திரும்பிப் போவோம். தம்பி மடிக்கணினியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மனிதர்கள் வேலையின் அளவைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். தங்கள் சொந்த வேலையையே அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எதுவுமே சரியாக நடக்காவிட்டால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கையும் அது தாண்டிவிட்டது. சொந்த வேலைக்கே இப்படியென்றால், அடுத்தவர் செய்யப்போகும் வேலையை அளப்பது எப்படி இருக்கும்?

அதனால் அவர் சொன்ன ஐந்து நிமிடத்துக்குப் பதில் சொல்லாதீர்கள். "எப்ப வேணும்?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் "ஃபைலைக் காட்டுங்க" என்று சொல்லி உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அன்றைக்கு அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்: மூன்று கிளைகளின் விற்பனை மூன்று தாள்களில், ஒன்றில் தேதி நாள்-மாதம் என்று, இன்னொன்றில் மாதம்-நாள் என்று, மூன்றாவதில் தேதிகள் எல்லாம் வெறும் எழுத்தாகப் பதிவாகிக் கூட்டலுக்கே வராமல். (நானாகக் கற்பனை செய்துதான் சொல்கிறேன். ஐந்து நிமிட எக்செல் வேலை இரண்டரை மணி ஆகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.) கணக்கில் எட்டு வருடம் பழகிய உங்கள் கண்ணுக்கு அது இரண்டு மணி நேர வேலை என்று பார்த்தவுடனே தெரியும். "எப்ப வேணும்?" என்று கேட்டிருந்தால், அவருக்கு அது மறுநாள் மதியக் கூட்டத்துக்குத்தான் என்பதுகூடத் தெரிய வந்திருக்கலாம். 'அவசரம்' என்று வருவதில் பாதி, கேட்கிறவர் தன் மனப்பாரத்தை இறக்கி வைக்கிற அவசரம்தான்.

இப்போது சொல்ல வேண்டியது:

"இன்னைக்கு முடியாது தம்பி. பேங்க் கணக்கு இன்னைக்குப் போயாகணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க, இருபது நிமிஷம் உட்கார்ந்து எப்படிச் சரிபண்றதுன்னு காட்டறேன். அதுக்கப்புறம் நீங்களே செஞ்சுடலாம்."

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'முடியாது' முதல் வரியிலேயே வந்துவிட்டது. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "அது வந்து தம்பி, இன்னைக்கு மாசக் கடைசி, பேங்க் கணக்கு வேற இருக்கு, வீட்டுக்கும் கொஞ்சம் சீக்கிரம் போகணும்..." என்று காரணத்தில் தொடங்கினால், 'முடியாது' வருவதற்குள் எதிராளி நடுவில் புகுந்துவிடுவார். "அதுக்குள்ள முடிஞ்சிரும்க்கா!" என்பார். அதற்கு மேல் உங்களால் அந்தச் சொல்லுக்கே வந்து சேர முடியாது. அதனால் பதிலை முதலில் ஒரு சின்ன வாக்கியமாக முடித்துவிடுங்கள். காரணம் அதற்குப் பிறகு வரட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. மூன்று காரணம் சொன்னால் மூன்றில் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டு பேரம் தொடங்கும்.

அந்த ஒரு காரணமும் உண்மையாக இருக்கட்டும். தலைவலி என்று சொல்லித் தப்பித்தால், தலைவலி போனதும் அதே ஃபைல் திரும்பி வரும். அது மட்டுமில்லை, பொய் சொன்ன குற்ற உணர்ச்சியில் இரண்டாம் முறை கட்டாயம் சரி என்றுவிடுவீர்கள்.

நாளைக்குக் காலை பத்து மணி என்ற மாற்று வழியை, உங்களுக்கு உண்மையிலேயே விருப்பமும் நேரமும் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மறுத்த சங்கடத்துக்கு ஈடாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். "இந்த வாரம் என்னால முடியாது" என்று சொல்லி நிறுத்தினாலும் அது முழுமையான பதில்தான். சொன்ன பிறகு ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்ப எதையாவது பேசத் துடிப்பீர்கள். மூன்று நொடி பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்தான் முதலில் "சரிக்கா, நான் பார்த்துக்கறேன்" என்பார்.

எல்லோரும் அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். ஒருவராவது மறுபடி மறுபடி கேட்பார். அவரிடம் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள், புதுக் காரணம் தேடாதீர்கள். "புரியுது, ஆனா இந்த வாரம் முடியாது." குரலை உயர்த்தவும் வேண்டாம், குழையவும் வேண்டாம்.

திமிர் பிடித்தவள் என்ற பேர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாய்ப்பில்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எட்டு வருடமாகச் சரி என்று சொல்லி வந்த வாய் திடீரென்று மாறினால் முதல் சில வாரம் சிலருக்கு முகம் சுருங்கும். பெண்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லீஸ் வெஸ்டர்லண்ட், லாரி வைன்கார்ட் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மூன்று மூன்று பேராகக் கணினி முன் உட்கார வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் குறைந்த பணம்தான். ஒருவர் அழுத்தினால் எல்லோருக்கும் கூடக் கிடைக்கும், ஆனால் அழுத்தியவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவு. அலுவலகத்தில் யாரும் விரும்பாத, யாராவது செய்தே தீர வேண்டிய வேலை மாதிரி. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்து அழுத்தினார்கள். ஆனால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் அந்த வேலை நின்றுபோகவில்லை, ஆண்களே அழுத்தினார்கள். அதாவது இது பெண்களின் பிறவிக் குணம் கிடையாது. 'அவர்கள் செய்துவிடுவார்கள்' என்ற எதிர்பார்ப்பு அறையில் இருந்தால் மற்றவர்களின் கை தானாகப் பின்வாங்குகிறது, அவ்வளவுதான்.

உங்கள் பட்டியலில் கூட்டக் குறிப்பும் பரிசு வசூலும் இந்த வகை. இவற்றை யாரும் மதிப்பீட்டில் எழுதப் போவதில்லை. எட்டு வருடம் எடுத்த கூட்டக் குறிப்புகளுக்கு அந்தத் தாளில் ஒரு வரி இருந்ததா? இவற்றுக்கு மறுப்பைவிட முறை வைத்துச் செய்வது நல்லது. அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்ததும், யாரும் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே, "போன தடவை நான் எழுதினேன், இன்னைக்கு யார் எழுதறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பேனா கையில் இருந்தால் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும்.

புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம். அது நல்ல வேலை, உங்களுக்கு அதில் சந்தோஷமும் இருக்கலாம். அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை உங்கள் பொறுப்புகளில் ஒன்றாக எழுத்தில் சேர்க்கும்படி மேலாளரிடம் கேளுங்கள். அதற்கென்று வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வழிமுறையை இரண்டு பக்கக் குறிப்பாக ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் பாதிக் கேள்விகள் உங்களிடம் வரவே வராது.

இனி மேலாளர். உங்கள் கடிதத்தில் கடினமான கேள்வி இதுதான். சக ஊழியரிடம் 'முடியாது' என்று சொல்வது போல அவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் நேரத்தை எதில் செலவிடுவது என்று தீர்மானிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்மானத்தை அவர் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்க வேண்டும். அதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாமதமாக வந்த ஓர் அறிக்கை மட்டும்தான். இடையில் நீங்கள் யார் யாருக்கு என்னென்ன செய்தீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஒரு தாள் போதும். இடது பக்கம் வேலை, நடுவில் எத்தனை மணி நேரம், வலது பக்கம் என்றைக்குள். உதாரணத்துக்கு: வங்கிச் சரிபார்ப்பு 8 மணி, பில் பதிவுகள் 12, சம்பளப் பட்டியல் சரிபார்ப்பு 6, மாத அறிக்கை 7, மின்னஞ்சலும் கூட்டங்களும் 5. கூட்டினால் 38. வாரத்துக்கு 40 மணி நேர வேலையில் மிச்சம் இரண்டு மணி. இப்போது மேலாளர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விளக்கக் காட்சி தயாரித்துத் தர வேண்டும் என்கிறார். உங்கள் கணக்கில் அதற்கு 7 மணி நேரம் ஆகும். தாளை அவர் முன் வைத்து இப்படிச் சொல்லுங்கள்:

"செய்துடறேன் சார். இந்த வாரம் கையில இவ்வளவு இருக்கு. இது ஏழு மணி நேரம் எடுக்கும். இதுல எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம்னு நீங்களே சொல்லுங்க."

இதில் 'முடியாது' என்ற சொல்லே இல்லை. ஆனால் எதையாவது விட்டால்தான் இதைச் செய்ய முடியும் என்பது தெளிவாக இருக்கிறது. எதை விடுவது என்று இனி நீங்கள் தனியாக, இரவு எட்டு மணிக்கு, மனதுக்குள் தீர்மானிக்க வேண்டியதில்லை. அவர் "பில் பதிவு திங்கட்கிழமை போகட்டும்" என்றால், உடனே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "நாம் பேசியபடி விளக்கக் காட்சியை வெள்ளிக்கிழமை தருகிறேன், பில் பதிவு திங்கட்கிழமை." அவரை மாட்டிவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் இருவருக்குமே என்ன பேசினோம் என்பது மறந்திருக்கும், அதற்காகத்தான்.

இந்தப் பேச்சைத் தொடங்கத் தயக்கமாக இருந்தால், அவர் எழுதிய அந்த வரியையே வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு எது முக்கியம்னு தெரியலைன்னு எழுதியிருந்தீங்க சார். அதைச் சரிபண்ணணும். அதனால திங்கட்கிழமை காலைல ஒரு பத்து நிமிஷம் இந்த லிஸ்டை உங்ககிட்ட காட்டி, வரிசையைக் கேட்டுக்கலாம்னு நினைக்கிறேன்." எந்த மேலாளரும் இதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். உங்களை நோகடித்த அந்த வரி அதன் பிறகு உங்களுக்கு வேலை செய்யத் தொடங்கும்.

தாளில் ஏன் இரண்டு மணி நேரம் காலியாக விட வேண்டும், அதையும் நிரப்பிவிடலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன். தொலைபேசி அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணக்கிட டென்மார்க்கின் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங் 1909ல் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. ஒரே ஆள், வேலைகள் எப்போது வரும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்ற எளிய நிலைமைக்கு அதன் சூத்திரம் இது: அந்த ஆளின் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலையின் நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் நான்கு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 சதவீதத்தில் பத்தொன்பது மடங்கு. அலுவலக மேஜை அச்சு அசலாக அப்படி இயங்காது என்றாலும் போக்கு இதேதான். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறிகிறது. அந்த 4.50 மணி ஃபைல் வேறொரு நாளில் வந்திருந்தால் உங்களை இப்படிக் கவிழ்த்திருக்காது. மாதக் கடைசியில், ஓர் அங்குலம் இடமில்லாத மேஜையில் வந்து விழுந்தது, அதனால் நாடகமும் போய் அறிக்கையும் போய்விட்டது. காலியாகத் தெரியும் அந்த இரண்டு மணி நேரம்தான் மற்ற 38ஐயும் சொன்ன நாளில் முடிக்க வைக்கிறது.

மாதத்தின் கடைசி மூன்று நாளுக்கு ஒரு நிரந்தர விதியே வைத்துக்கொள்ளலாம். "மாசக் கடைசி மூணு நாள் நான் வேற வேலை எடுக்கறதில்லை." 'இன்று முடியாது' என்பதைவிட 'எடுப்பதில்லை' என்பது சொல்கிறவருக்கும் லேசு, கேட்கிறவருக்கும் லேசு. தன்னை மட்டும் மறுக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது. இரண்டு மாதம் போனால் அந்தத் தம்பியே இன்னொருவரிடம், "இப்பப் போகாதே, அக்கா மாசக் கடைசியில எடுக்கமாட்டாங்க" என்பார்.

ஏற்கெனவே வாக்குக் கொடுத்தவற்றை என்ன செய்வது? முடித்துக் கொடுத்துவிடுங்கள். நாளைக் காலையில் எல்லோரையும் கூட்டி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கும் நாடகம் வேண்டாம். முடியவே முடியாதது ஒன்றிரண்டு இருந்தால், அவர்களிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். என் பதினொரு நாள் கதை உங்களுக்கு நடக்க வேண்டாம். புதிதாக வருவதை மட்டும் இனி வாசலிலேயே நின்று பாருங்கள். முதல் மறுப்பைச் சின்னதாக, நெருக்கமான ஒருவரிடம் தொடங்குங்கள். நெஞ்சு படபடக்கும், அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மறுநாள் அவர் வழக்கம்போல வந்து பேசுவதைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும்.

உங்களைக் கல்லாக மாற்றுவது என் நோக்கம் இல்லை. சக ஊழியர் வீட்டில் ஒரு துக்கம், ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரவோடு இரவாகச் சரிசெய்தே ஆக வேண்டிய உண்மையான நெருக்கடி என்றால் ஓடிப் போய் நில்லுங்கள். இன்றைக்கு அந்த மாதிரி நேரத்தில்கூட உங்களிடம் தெம்பு இருக்காது, ஏனென்றால் அதையெல்லாம் பரிசு வசூலுக்கும் தேதி திருத்தத்துக்கும் கொடுத்து முடித்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தாளைப் பார்த்த பிறகும் மேலாளர் "எல்லாமே இந்த வாரம் வேணும்" என்று சொல்லலாம். ஒரு முறை என்றால் பரவாயில்லை. வாராவாரம் அப்படியே என்றால், அங்கே ஆள் பற்றாக்குறை. அதை உங்கள் வாய்ச்சொல்லால் சரிசெய்ய முடியாது. அப்போது அந்தத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். கூடுதல் நேரத்தைப் பற்றி உங்கள் பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். மேலதிகாரியிடமோ மனிதவளப் பிரிவிடமோ எழுத்தில் கொண்டு போங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வேறு வேலை தேடுவது தோல்வி ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீங்கள் தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. 7.20 என்பது மாதக் கடைசியின் விதிவிலக்கா, தினசரி வழக்கமா என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தூக்கம் கெடுகிறது, காலையில் அலுவலகத்தை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்றால் ஒரு மருத்துவரை அல்லது மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, மகளின் நிகழ்ச்சி. அந்தத் தேதி தெரிந்திருந்தால் இந்தப் பதிலைப் படித்த கையோடு அலுவலக நாட்காட்டியில் அன்று மாலை நான்கு மணி முதல் அடைத்துவிடுங்கள். நாளை மேலாளரிடம், "இருபதாம் தேதி நாலு மணிக்குக் கிளம்பறேன் சார், பொண்ணோட நிகழ்ச்சி இருக்கு. அன்னைக்குப் போக வேண்டியதை முந்தின நாளே முடிச்சுடறேன்" என்று சொல்லுங்கள். தேதி எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். "போகலாமா சார்?" என்று கேட்க வேண்டாம், கிளம்புகிறேன் என்று தெரிவிக்கிறீர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் எல்லோருக்கும் ஏற்பாடு செய்துகொள்ள நேரம் இருக்கிறது. அன்று 3.50க்கு யாராவது மடிக்கணினியோடு வந்து நின்றால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்லுங்கள்: "இன்னைக்கு முடியாது தம்பி, நான் கிளம்பிட்டேன்."

போய்ப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.